சின்னப் படகின் டெக் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறினால் அடைத்துவிடலாமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம்: கோவளத்தில் நிற்கும் 14 அடி ஃபைபர் படகு, பின்னால் அவுட்போர்டு எஞ்சின். டெக்கில் விழும் தண்ணீர் வெளியே போகப் பின்சுவரில் இரண்டு ஓட்டைகள். வாங்கிய புதிதில் பிரச்சினை இல்லை. இப்போது மூன்று பேர் ஏறினால் அதே ஓட்டை வழியாகக் கடல்தண்ணீர் உள்ளே வருகிறது. தக்கை அடிக்கலாமா, வால்வு போடலாமா?

காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டு வேலை பார்க்கும் பட்டறையில் சில காலம் இருந்திருக்கிறேன். அங்கே இந்தப் புகாரோடு படகு வந்தால் ஓட்டையை யாரும் முதலில் பார்க்க மாட்டார்கள். படகு எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

இந்த ஓட்டைகள் வேலை செய்ய ஒரே நிபந்தனைதான். படகின் தளம், அதாவது டெக், வெளியே இருக்கும் நீர்மட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். மேலே இருந்தால் தண்ணீர் தானாக வடியும். தளம் கீழே இறங்கிவிட்டால் அதே வழியாக உள்ளே வரும், வெளியே இருக்கும் மட்டம் வரை ஏறிவிட்டுத்தான் நிற்கும். ஆக உங்கள் படகில் ஏதோ ஒன்று தளத்தைக் கீழே இறக்கியிருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்காமல் வால்வு வாங்குவது வீண் செலவு.

முட்டுக்காடு பக்கம் அலையில்லாத உப்பங்கழியில் படகை விட்டு, வழக்கமாக ஏறும் ஆட்கள், பெட்ரோல் கேன், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றுங்கள். ஓட்டைகளைத் தற்காலிகமாக அடைத்துக்கொண்டு, பின்சுவரின் வெளிப்பக்கம் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். கரைக்கு வந்ததும் அந்தக் கோட்டுக்கும் ஓட்டையின் அடிவிளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்.

இப்போது கணக்கு. 14 அடிப் படகு தண்ணீரில் அடைக்கும் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதை ஒரு சென்டிமீட்டர் அமுக்க 40 கிலோ போதும். மூன்று பேர் சேர்ந்து 210 கிலோ என்றால் 5 சென்டிமீட்டர் போச்சு. இது எல்லோரும் நட்டநடுவில் உட்கார்ந்தால். பின்னால் நகர நகர, பின்பக்கம் அதைவிட அதிகமாக அமுங்கும். பெட்டி வடிவப் படகுக்குக் கணக்குப் போட்டால், நடுவுக்கும் பின்சுவருக்கும் சரிபாதித் தூரத்தில் வைக்கும் எடை பின்முனையை இரண்டரை மடங்கு அமுக்குகிறது. அதே எடை கடைசி முனையில் இருந்தால் நாலு மடங்கு. நிஜப் படகில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் எஞ்சின், பெட்ரோல், ஓட்டுகிறவர், அவர் பக்கத்தில் கதை பேசிக்கொண்டு ஒருவர் என்று எல்லாமே பின்பக்கம் குவிந்தால் ஓட்டை தண்ணீருக்குள் போகாமல் என்ன செய்யும்?

அதனால் முதல் வைத்தியம் காசில்லாதது. பெட்ரோல் கேன், நங்கூரம், ஐஸ் பெட்டி மூன்றையும் அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், தள்ளிவிட்டு மறுபடி கோடு போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே சில சென்டிமீட்டர் கிடைக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டியிருக்கிறீர்களா? அதே குதிரைத்திறனுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் பொதுவாகக் கனம் அதிகம், அந்தக் கனமும் கடைசி முனையில்தான் தொங்குகிறது.

எடை எதுவும் கூடவில்லை, ஆனாலும் படகு முன்பைவிடத் தாழ்ந்து நிற்கிறது என்றால் எனக்கு வேறு சந்தேகம். படகே தண்ணீர் குடித்திருக்கலாம். தளத்துக்கு அடியில் நிரப்பியிருக்கும் நுரை வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் ஊறிவிடும். பின்சுவருக்குள் ப்ளைவுட் இருக்கும். ஓட்டை போட்ட இடத்தில் அதன் வெட்டுவாயை ரெசின் வைத்து மூடாமல் விட்டிருந்தால் அங்கிருந்து ஊறத் தொடங்கி மரம் உளுத்துப்போகும். ஒரு சின்ன மரச் சுத்தியலால் ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், ஊறிய இடத்தில் சத்தம் செத்துப்போய் இருக்கும்.

உங்கள் ஓட்டை நேராகப் பின்சுவரைத் துளைக்காமல் தளத்துக்கு அடியில் ஒரு ஹோஸ் வழியாகப் போகிறதென்றால் இன்னொரு சோதனையும் உண்டு. படகைக் கரையில் நிறுத்தி, வெளிவாயை அடைத்துவிட்டு, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலந்து டெக்கில் ஊற்றுங்கள். சற்று நேரம் கழித்து அடிப்பகுதியில் இருக்கும் வடிகால் தக்கையைக் கழற்றினால் நீலத்தண்ணீர் வருகிறதா? வந்தால் ஹோஸ் வெடித்திருக்கிறது, அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்து விட்டுவிட்டது. நம் கடற்காற்றில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்பே பழுப்பேறிவிடும், 316 ரகம் கேட்டு வாங்குங்கள். ஒட்டுவதற்குப் பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். நீர்மட்டத்துக்குக் கீழே பாலியூரித்தேன் சீலன்ட்தான் சரி. ப்ளைவுட் ஊறியிருந்தால் ஊறியதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி வைத்து மூட வேண்டும். ஐப்பசி மழையில் அதைத் தொடாதீர்கள், ஈரத்தோடு மூடினால் உள்ளே மறுபடி அழுகும்.

சரி, இப்போது வால்வு. தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தும், எஞ்சினைச் சட்டென்று குறைக்கும்போது பின்னால் துரத்தி வரும் அலை ஓட்டையில் ஏறுகிறதென்றால் அதற்கு வால்வு நல்ல மருந்து. வெளிப்பக்கம் ஓட்டையின் மேல்விளிம்பில் மட்டும் திருகி, கீழே தொங்கவிடும் ரப்பர் மூடிதான் என் தேர்வு. உள்ளிருந்து தண்ணீர் வந்தால் திறக்கும், வெளியிலிருந்து அலை அடித்தால் மூடிக்கொள்ளும். பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் 3 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் கேட்டுப் பாருங்கள். பழைய லாரி ட்யூபை வெட்டியும் செய்யலாம், பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். பந்து வைத்த வால்வை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணலில் இழுத்துத் தள்ளும் படகில் ஒரு பிடி மணல் போதும், பந்து பாதியில் சிக்கி நிற்கும். படகைத் தண்ணீரிலேயே கட்டி வைத்தால் ரப்பர் மூடியிலும் சிப்பி ஒட்டும், அவ்வப்போது சுரண்டாவிட்டால் அது முழுதாக மூடாது.

ஆனால் தளமே நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் ரப்பர் மூடி உங்களைக் காப்பாற்றாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் மூடியை இறுக்கிப் பிடிக்கும் அளவுக்குப் போதாது, ஓரத்தில் கசிந்துகொண்டே இருக்கும். நிறுத்தி மீன் பிடிக்கும் ஆட்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஓட்டையின் வெளிவாயில் ரெக்ஸின் துணியில் தைத்த நீளமான குழாயை மாட்டி, நுனியில் கயிறு கட்டிவிடுங்கள். யானைத் தும்பிக்கை மாதிரி தொங்கும். ஓடும்போது கீழே விட்டால் தண்ணீர் வடியும். நிற்கும்போது கயிற்றை இழுத்து நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டினால் எதுவும் உள்ளே வராது. ரப்பர் காற்றுப் படகுகளில் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

தக்கை அடிப்பது பற்றி. கழியில், அலை இல்லாத இடத்தில், தாராளமாக. கடலில் எனக்குச் சம்மதம் இல்லை. 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள தளத்தில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 180 லிட்டர், அதாவது ஏறக்குறைய 180 கிலோ. அந்தக் கனம் ஒரே இடத்தில் நிற்காது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். முகத்துவாரத்தில் ஒரு அலை உள்ளே விழுந்தால் அது வெளியே போக வழி இருக்க வேண்டும். தக்கை வைத்தே தீர வேண்டுமென்றால் கயிறு கட்டிய தக்கையாக இருக்கட்டும், உட்கார்ந்த இடத்திலிருந்து பிடுங்க முடிய வேண்டும். அள்ளி ஊற்ற, குறுக்கே வெட்டிய ஐந்து லிட்டர் கேன் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

தளத்தையே உயர்த்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 710 தர மரைன் ப்ளைவுட் வைத்து உயர்த்தலாம். ஆனால் அந்தக் கட்டையின் எடையே படகை அமுக்கும், ஆட்கள் உட்காரும் உயரமும் கூடி ஆட்டம் அதிகமாகும். மற்றதெல்லாம் செய்து பார்த்தபின் கடைசியாக யோசியுங்கள்.

அளவு எடுத்ததும் எத்தனை பேர் ஏறியபோது ஓட்டையின் அடிவிளிம்பு எத்தனை சென்டிமீட்டர் மேலே நின்றது என்று கீழே எழுதுங்கள். இரண்டுக்குக் குறைவாக இருந்தால் வால்வுக்கு இப்போதே பணம் கொடுத்துவிடாதீர்கள்.