நெல்மணி அகலம்

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டத்தின் வானொலி, தொலைக்காட்சி வரலாறு பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். நாகர்கோவில் வானொலிதான் இந்தியாவின் முதல் உள்ளூர் நிலையம் என்பது சரியா? அதற்கு முன்பு நம் மக்கள் வேறு வழியில்லாமல் அந்நிய மொழி நிலையத்தைக் கேட்டுக்கிடந்தார்கள் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன். தொலைக்காட்சி பற்றியும் சொல்லுங்கள். குலசேகரத்தில் இருக்கும் என் பாட்டிக்கு உங்கள் கதைகளை வாசித்துக் காட்டுவேன்.

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

சரிதான். 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் தொடங்கியதுதான் அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம். தேதியை அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியை இதில் சேர்க்காதீர்கள், அது தனிக் கட்டுரை.

ஆனால் அந்த முன்னுரை! போன வாரம்தான் பரணிலிருந்து ஆச்சியின் டிரான்சிஸ்டரை இறக்கித் துடைத்து வைத்தேன். அந்த நேரத்தில் ‘அந்நிய மொழி நிலையம்’ என்று ஒரு கடிதம் வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

நீங்கள் அந்நியம் என்கிற அந்தத் திருவனந்தபுரம் மலையாள நிலையத்தை 1943 மார்ச் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். அன்று நாம் யார்? தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூரில்தானே இருந்தன? நம் தாத்தாக்கள் கட்டிய வரியும் அந்த நிலையத்தில் இருக்கிறது. 1950 ஏப்ரல் 1-இல் அதை அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். திருநெல்வேலி நிலையம் 1963-இல்தான் வந்தது. எல்லையை மாற்றியது அரசாங்கம். எங்கள் வீட்டு ரேடியோவில் யாரும் முள்ளை மாற்றவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டார்களாம்! திருநெல்வேலி வந்த பிறகும் ஏன் கேட்டார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

திருவனந்தபுரம் மத்திய அலையில் 1161 கிலோஹெர்ட்ஸ், திருநெல்வேலி 1197. டயலில் இரண்டுக்கும் நடுவே ஒரு நெல்மணி அகலம்கூட இருக்காது. ஆச்சிக்கு எண் வாசிக்கத் தெரியாது. அதனால் கண்ணாடிமேல் திருநெல்வேலிக்கு ஒரு சிவப்புச் சாந்துப் பொட்டு வைத்திருந்தாள். திருவனந்தபுரத்துக்கு சைக்கிள் கடையில் வாங்கிவந்த நீலப் பெயின்ட், தீக்குச்சி முனையால் ஒரு துளி. நாடகத்துக்குச் சிவப்பு. விவசாய நிகழ்ச்சிக்கு நீலம், அதாவது ‘வயலும் வீடும்’. பேட்டரி தீர்ந்துபோனால் முற்றத்து வெயிலில் காயவைத்து எடுத்து, அந்த நிகழ்ச்சிக்காகவே மிச்சம் பிடிப்பாள். மலையாளம் உனக்கு எதற்கு ஆச்சி என்று நான் ஒருநாள் கேட்டேன். “அவன் சொல்லுகது நம்ம தென்னைக்குத்தானே மக்களே?” என்றாள். இரவில் இலங்கை வானொலி கடல் தாண்டி வரும்; பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்தால் தெளியும். அதற்குப் பொட்டு வைக்கவில்லை. அது கிடைத்தால் லாபம், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட அந்த 1984-க்கு வருகிறேன். நம் ஊரிலும் நிலையம் திறந்துவிட்டார்கள் என்ற பேச்சு அடங்கவில்லை, மறுநாளே இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைக்கு ராத்திரி ஆச்சி முள்ளைச் சிவப்புக்கு நகர்த்தினாள், வீணை. நீலத்துக்கு நகர்த்தினாள், வீணை. திரும்பவும் சிவப்பு. “ரெண்டு பக்கமும் அழுகுதே மக்களே” என்றாள். பாட்டும் நாடகமும் இல்லாமல் வெறும் வாத்தியத்தை அவ்வளவு நேரம் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அணைக்கப்போன என் கையைத் தட்டிவிட்டாள்.

துடைக்கும்போது பார்த்தேன், சாந்துப் பொட்டு உதிர்ந்துவிட்டது. பெயின்ட் அப்படியே இருக்கிறது. புதுப் பொட்டு வைக்கலாமா என்று தோன்றியது. அவள் விரல் வைத்த இடம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

தம்பி, தேதியைத் தேடி எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் குலசேகரத்துக்கு ஒரு பஸ் பிடித்திருக்கலாம். என் கதையை வாசித்துக் காட்டுவது போதும், உங்கள் பாட்டியின் கதையை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் வீட்டுப் பெட்டியில் முள் எங்கே நின்றது, யார் திருப்பினார்கள், எதைக் கேட்டு அழுதார்கள் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் ‘அந்நிய’ என்று எழுதத் தோன்றினால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.