கல்லுப்பு போட்டா கடல் ஆயிருமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு ரெண்டு ரூம் வீடு, முன் ரூம்ல ஜன்னலுக்குக் கீழ நூறு லிட்டர் கடல் தண்ணி டேங்க் வச்சிருக்கேன், ஒரு ஜோடி க்ளவுன் மீனு, நாலஞ்சு சாஃப்ட் கோரல் (மெத்துன்னு இருக்க பவள உயிரு). இந்த வெயில்ல தண்ணி தெனமும் கொறையுது, உப்பும் கொறைஞ்சிருக்கும்லன்னு அம்மா சொன்னாவன்னு தூத்துக்குடி கல்லுப்பக் கரைச்சு கரைச்சு ஊத்திட்டு வந்தேன். நேத்து மூணு மணி நேரம் கரண்ட் இல்ல. இப்ப உப்பு அளவு பாக்குற ஹைட்ரோமீட்டர் 1.032 காட்டுது, தண்ணி 31 டிகிரி, கோரல் சுருங்கிட்டு, மீனு மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்கி. தூத்துக்குடி ஃப்ரெண்டு ஒருத்தன் கடல்லேருந்து பவளக்கல்லு எடுத்துத் தாரேங்கான், போட்டா சரியாயிருமா?

- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, உப்பப் பத்திப் பொறவு பேசுவோம், மீனுக்கு மூச்சு முட்டுது, மொதல்ல அதப் பாரு. தண்ணி சூடாக ஆக, உப்பு ஏற ஏற, அதுல காத்து கரையுறது கொறையும், போதாததுக்கு மோட்டாரும் மூணு மணி நேரம் நின்னுருக்கு. மூடியத் தூக்கு, பேட்டரி ஏர் பம்ப் இருந்தா போடு, இல்லன்னா சொம்புல கோரி கோரி ஒசரத்துலேருந்து ஊத்து, கை வலிச்சா அம்மாவக் கூப்பிடு. ஃப்ரீசர்ல வச்ச தண்ணி பாட்டில மூடியோட மெதக்க விடு, ஐஸ நேரா போட்டுறாத. ஒரேயடியா குளுர வைக்காண்டாம், மெள்ள 26க்கு வந்தாப் போதும். இன்னைக்குத் தீனி கெடையாது.

இப்ப உப்புக்கு வருவோம். ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான், உப்பு அங்கனயேதான் கெடக்கும், உப்பளத்துல இதத்தான செய்யுதாவ, நீ வீட்டுக்குள்ளயே ஒரு பாத்தி கட்டிட்ட! அதுலயும் கல்லுப்புங்கது கடல் உப்புல ஒரு பங்குதான், பாத்தில உப்பு வெளஞ்ச பொறவு மக்னீசியமெல்லாம் மிச்சத் தண்ணியோட போயிருது, கோரலுக்கு அதுவுந்தான வேணும்.

அதனால தெனம் ஆறு லிட்டர் டேங்க் தண்ணிய எடுத்துட்டு ஆறு லிட்டர் ஆர்.ஓ. தண்ணிய சொட்டுச் சொட்டா விடு. மொத நா 1.030க்கு வரும், நாலு நாள்ல கடல் தண்ணி அளவான 1.025 வந்துரும். அவசரப்பட்டு ஒரே நாள்ல எறக்குனா கோரல் தாங்காது. கொழாத் தண்ணி வேண்டாம், குளோரின் கெடக்கும். பொறவு வாரம் 15 லிட்டர் வீதம், அக்வேரியம் கடைல விக்கிற மெரைன் சால்ட்ட லிட்டருக்கு 35 கிராம் கணக்குல கரைச்சு மாத்து, கல்லுப்பு கணக்கு கொஞ்சம் கொஞ்சமா தீரும். கண்ணாடில தண்ணி மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டிரு, எறங்குனா அதுவரைக்கும் வெறும் ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊத்து. மத்தியான வெயில் அடிச்சா ஜன்னல்ல போர்வையக் கட்டு.

அந்தப் பவளக்கல்ல வாசப்படி ஏத்தாத. புதுசா எடுத்த கல்லுல ஒட்டிக்கெடக்கது செத்து அழுகுனா அம்மோனியா ஏறி இருக்க மீனும் போயிரும். அதவிட, மன்னார் வளைகுடால 21 தீவும் 1986லேருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறையோ வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்க அதே மொத அட்டவணைல இருக்கு. ஃப்ரெண்டுகிட்டயும் சொல்லிரு, மாட்டுனா ரெண்டு பேருந்தான் உள்ள போவிய.