1950களின் பிரிட்டனில் 'பேக்கேஜ் ஷோ' என்றால் என்ன? பெரிய பாடகர்கள் ஏன் சிறு ஊர் சினிமா தியேட்டர்களில் பாடினார்கள்?

ஒரே டிக்கெட்டுக்கு நாலைந்து பாடகர்களும் குழுக்களும் அடுத்தடுத்து மேடையேறும் நிகழ்ச்சிதான் பேக்கேஜ் ஷோ. ஊர் ஊராகப் போவார்கள், பெரும்பாலும் இரவுக்கு இரண்டு காட்சி.

ஏன் இப்படி? அன்றைய ராக் அண்ட் ரோல் பாட்டு ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம்தான். ஒருவருக்கு ஹிட் ஆனதோ சில பாட்டுகள். இரண்டு மணி நேரத்தை ஒருவரே நிரப்புவது கஷ்டம். அப்புறம் இடம். ஓடியன், கோமான்ட் போன்ற சினிமா தியேட்டர்கள் பல ஊர்களில் இருந்தன. 1930களில் கட்டிய பலவற்றில் மேடையும் உண்டு. வீட்டுக்கு வீடு டிவி வந்து படக்கூட்டம் குறைந்திருந்ததால் தியேட்டர்காரர்களுக்கும் இது கைகொடுத்தது.

கல்யாணப் பந்தி மாதிரிதான். பாயசத்துக்காக உட்கார்ந்தவர் கூட்டையும் பொரியலையும் ருசி பார்த்துவிடுவார். புதியவர்களுக்கு ரசிகர்கள் கிடைத்தது அப்படித்தான், எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமும் அதுவே. 1963 பிப்ரவரியில் பெட்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, கார்லைல் என்று சுற்றிய ஒரு ஷோவின் நட்சத்திரம் 16 வயது ஹெலன் ஷபீரோ. கூட வந்த துணைக்குழுக்களில் ஒன்று பீட்டில்ஸ்!

பழைய போஸ்டரில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹோலியின் பெயர் பெரிதாக இருப்பதைப் பார்த்து, அவரே இரவு முழுக்கப் பாடினார் என்று பலர் நினைக்கிறார்கள். 1958 மார்ச்சில் 25 நாள் பிரிட்டனைச் சுற்றிய அவர், ஒரு காட்சியில் மேடையில் இருந்தது சுமார் அரை மணி நேரம்தான். மீதி நேரம் மற்றவர்களுடையது.