சிலிக்கு டி-ஷர்ட் அனுப்பும் முன்: எந்தச் சான்றிதழ், யாருக்கு லாபம்?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை நிறுவனம் நடத்துகிறோம். முதல் தடவையாகச் சிலி நாட்டுக்கு, சாண்டியாகோவில் உள்ள ஒரு பையருக்கு, பருத்தி டி-ஷர்ட் அனுப்பப்போகிறோம். சரக்கு கிளம்ப மூன்று வாரம் இருக்கிறது. வர்த்தக சேம்பரில் வாங்கிய சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின் நகலை அனுப்பினால், "இது வேண்டாம், ஒப்பந்தச் சான்றிதழ்தான் வேண்டும்" என்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இதில் எங்களுக்கு என்ன லாபம்? அந்த ஊரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அவரிடம் என்ன பேசுவது என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: பையர் சொல்வதுதான் சரி. சேம்பர் தரும் சான்றிதழ், பொருள் இந்தியாவில் தயாரானது என்று மட்டும் சொல்லும். அதைக் காட்டி ஒரு பைசா வரிகூடக் குறைக்க முடியாது. அவர் கேட்பது வரிச்சலுகைக்கான சான்றிதழ். இந்தியாவும் சிலியும் 2006 மார்ச்சில் சலுகை வணிக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதை விரிவாக்கிய ஒப்பந்தம் 2017 மே 16 முதல் நடப்பில் இருக்கிறது. சிலி நமக்கு 1,798 வரி இனங்களில், அதாவது சுங்கப் பட்டியலில் தனிக் குறியீடு உள்ள பொருள் வகைகளில், சலுகை தருகிறது. ஜவுளியும் ஆயத்த ஆடைகளும் அதில் உண்டு. சலுகை அளவு இனத்துக்கு இனம் 30 முதல் 100 சதவீதம் வரை மாறும்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 50 சதவீதம் சலுகை என்றால் பொருளின் விலையில் பாதி குறையும் என்று அர்த்தமில்லை. வரியில் பாதி குறையும். சிலியின் பொதுவான இறக்குமதி வரி 6 சதவீதம். உங்கள் சரக்கின் சி.ஐ.எஃப். மதிப்பு (பொருள் விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் எல்லாம் சேர்ந்தது) 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழ் இல்லாவிட்டால் வரி 2,400 டாலர். 50 சதவீதச் சலுகை என்றால் 1,200. முழுச் சலுகை என்றால் ஒன்றுமில்லை. அதற்கு மேல் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி, இறக்குமதி வரியும் சேர்ந்த தொகைக்குப் போடப்படும். ஆக, முழுச் சலுகை உள்ள சரக்குக்குச் சான்றிதழ் இல்லாமல் போனால் உங்கள் பையர் துறைமுகத்தில் கூடுதலாகக் கட்டவேண்டியது 2,856 டாலர். மதிப்புக்கூட்டு வரியைப் பின்னால் அவர் கழித்துக்கொள்ளலாம், ஆனால் கையிலிருந்து முதலில் போகும்.

அந்தப் பணம் உங்கள் கணக்கில் வராது, லாபம் அவருக்கு. ஆனால் சீனாவுக்கு 2006 முதலும், வியட்நாமுக்கு 2014 முதலும் சிலியோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது. அந்த நாடுகளிலிருந்து வாங்கிப் பழகிய பையருக்கு ஒப்பந்தச் சான்றிதழ் இன்வாய்ஸ் மாதிரி வழக்கமாக வரும் தாள். அது இல்லாத சப்ளையரிடம் இரண்டாவது ஆர்டர் போட மனம் வராது. அடுத்த முறை விலை பேசும்போது இந்த 6 சதவீதக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சான்றிதழுக்கு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில், உங்கள் ஐ.இ.சி. எண்ணை (ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்) வைத்து விண்ணப்பிக்க வேண்டும். தகுதிக்கான பொதுவிதி: எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) குறைந்தது 40 சதவீத மதிப்பு இங்கே சேர்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருள் சேர்ந்திருந்தால் அதன் நான்கு இலக்க எச்.எஸ். தலைப்பும் (உலகம் முழுக்கப் பொதுவான சரக்குக் குறியீடு) ஆடையின் தலைப்பும் வேறாக இருக்க வேண்டும். நம்மூர் நூல், நம்மூர் நிட்டிங் என்றால் கவலையே இல்லை. 3 டாலர் டி-ஷர்ட்டில் இறக்குமதித் துணியும் லேபிளும் சேர்ந்து 1.80 டாலரைத் தாண்டக்கூடாது. அந்தக் கணக்கைப் பில்களோடு ஃபைலில் வையுங்கள்.

தூத்துக்குடியில் ஏற்றினால் பெரும்பாலும் கொழும்பில் பெட்டி கப்பல் மாறும். மாறலாம், தவறில்லை. ஆனால் பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) சிலித் துறைமுகம் வரைக்கும் ஒரே தாளாக இருக்கட்டும். வழியில் சரக்கு சுங்கக் கண்காணிப்பை விட்டு வெளியே போயிருந்தால் சலுகை போய்விடும். லேபிள் ஸ்பானிஷில் வேண்டும்: "எச்சோ என் இந்தியா", "100% அல்கொதோன்". அல்கொதோன் என்றால் பருத்தி. எழுத்தின் மேல் வரும் சிறு கோட்டைக்கூட விடாமல், பையர் அனுப்பும் வாசகத்தை அப்படியே அச்சடியுங்கள்.

என்னைக் கேட்டால், சிலியோடு வணிகம் செய்வதில் திருப்பூருக்குப் பெரிய நன்மை வரிச்சலுகை அல்ல, பருவம்தான். அங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஐரோப்பிய சம்மர் ஆர்டர் முடிந்து மெஷின்கள் சும்மா இருக்கும் மாதங்களில் சிலியின் கோடைக்குத் தைக்கலாம். செப்டம்பர் 18, 19 அங்கே தேசிய விடுமுறை. அந்த வாரத்தில் பதில் வராவிட்டால் பதற வேண்டாம்.

பேச்சுக்கு வருகிறேன். இந்தியர்கள் பலரும் சிலிக் கவிஞர் பாப்லோ நெரூடா பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அவர் 1929-ல் கொழும்பில் சிலியின் கான்சலாக, அதாவது தூதரக அதிகாரியாக, இருந்தவர். நம் ஆட்களுக்குப் பிடித்த கவிஞர். ஆனால் அங்கே தன் வீட்டில் கழிப்பறை சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணை வன்புணர்ந்ததைத் தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். 2018-ல் சாண்டியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கும் யோசனை வந்தபோது, சிலிப் பெண்கள் இதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அத்தனை தொலைவில் குரல் எழுந்தது எனக்குப் பெரிய விஷயம். நெரூடாவுக்குப் பதில் நான் சிலியின் பெண் கவிஞர் கபிரியேலா மிஸ்ட்ராலைச் சொல்வேன். 1945-ல் நோபல் பெற்றவர், தாகூரின் கவிதைகளில் ஊறியவர். அவர்களுடைய 5,000 பெசோ நோட்டில் இருப்பது அவர் முகம்தான். சாண்டியாகோவின் பிராவிடென்சியா பகுதியில் காந்தி சிலையோடு 'இந்தியா சதுக்கம்' ஒன்று இருப்பதையும் கேட்டுப்பாருங்கள், அவரே விவரம் சொல்வார்.

இருதரப்பு உறவும் இப்போது நெருக்கமாகி வருகிறது. 2025 ஏப்ரலில் சிலி அதிபராக இருந்த கபிரியேல் போரிச் டெல்லி வந்தார். அடுத்த மாதமே விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கான வரையறையில் கையெழுத்தானது. நமக்கு அங்கிருந்து வருவதில் பெரும்பங்கு தாமிரம். லித்தியத்திலும் நம் அரசுக்குக் கண் இருக்கிறது. அந்தப் புது ஒப்பந்தம் நடப்புக்கு வந்தால் உங்கள் இனத்தின் சலுகை அளவு மாறலாம், ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாகப் பாருங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பருத்தி டி-ஷர்ட்டுக்கு 610910 என்ற ஆறு இலக்க எச்.எஸ். எண் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குப் பின்வரும் இரண்டு இலக்கம் சிலியில் வேறு. பையரிடம் அவர்களுடைய எட்டு இலக்கக் குறியீட்டைக் கேட்டு வாங்கி, அந்த இனத்துக்குச் சலுகை எவ்வளவு என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். சாண்டியாகோ நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்னால், அவர்களின் குளிர்காலத்தில் ஒன்பதரை. நம் மாலை 7 மணிக்குக் கூப்பிட்டால் அவர் அலுவலகத்தில் இருப்பார்.