கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் ஒரு கடிதம் கொடுங்கள்

கேள்வி: சென்னை ஷோரூமில் 12 லட்சம் ரூபாய்க்கு ஆறு கியர் மேனுவல் டர்போ கார் வாங்கினேன். வசிப்பது கோவையில். வாரண்டி முடியவில்லை, அதற்குள் மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கினால் கரகரவென்று கடிக்கிறது. சில நேரம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. சர்வீஸில், "செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டியிருப்பீங்க, வாரண்டி வராது; பிரிச்சுப் பார்க்கக் கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். நான் டிராக் பக்கமே போனதில்லை. வேறு கார் கேட்கலாமா?

பதில்: அந்தக் கையெழுத்தை இப்போதைக்குப் போடாதீர்கள். உங்கள் வழக்குக்கு அந்த கியர்பாக்ஸ்தான் முதல் சாட்சி. நீங்கள் இல்லாத நேரத்தில் பிரித்து, தேய்ந்த சின்க்ரோ வளையத்தை (கியர் மாறும்போது சுழலும் வேகங்களை ஒத்துப்போக வைக்கும், பெரும்பாலும் பித்தளையால் ஆன வளையம்) குப்பையில் போட்டுவிட்டால், அவர்கள் சொல்வதுதான் மிஞ்சும். சர்வீஸ் மேனேஜருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: என் முன்னிலையில் பிரிக்க வேண்டும், வீடியோ எடுப்பேன், கழற்றிய பாகங்களையும் வடித்த கியர் ஆயிலில் ஒரு பாட்டிலையும் சீல் வைத்துத் தர வேண்டும். ஆயிலில் பித்தளைத் துகள் மின்னினால் அதுவும் ஆதாரம்தான். பிரிக்கும் முன் கிளட்ச் முழுசாக விடுபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கோளாறு இருந்தாலும் கியர் இப்படித்தான் கடிக்கும்.

முரட்டுத்தனமாக ஓட்டினீர்கள் என்று அவர்கள் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதிக வேகத்தில் தவறான கியருக்கு இறக்கினால் இன்ஜின் வரம்பு மீறிச் சுழலும்; பல கார்களில் இசியூ என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி அதைப் பதிந்து வைத்திருக்கும். அந்தப் பதிவைக் காட்டட்டும். நீங்கள் ரீமேப் (பவர் கூட்ட அந்தக் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்திருந்தால் மட்டும் என்னிடம் மறைக்காதீர்கள், அது கட்டாயம் வெளியே வரும்.

வேறு கார் கேட்பது கடினம். கிளட்ச் கோளாறு தொடர்பான மாருதி உத்யோக் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டிப்படி பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் நிறுவனத்தின் கடமை என்று சொல்லி, காரையே மாற்றித் தரும் உத்தரவை ரத்து செய்தது. ஆகவே புதிய கியர்பாக்ஸ், அலைக்கழித்ததற்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றை முதலில் கேளுங்கள். மாற்றியும் அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாதம் வலுவாகும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் தயாரிப்புப் பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. பலர் ஆசையாக அதன்கீழ் மனுப் போடுகிறார்கள். ஆனால் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் வராது. உங்கள் மனு பொருள் குறைபாடு, சேவைக் குறைபாடு என்றே இருக்கட்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள்.

சென்னைக்கு அலைய வேண்டாம். வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், கட்டணம் 400 ரூபாய். கெடு இரண்டு ஆண்டு. பாகங்களை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி 38-வது பிரிவில் கேட்கலாம். அந்த அறிக்கை இல்லாமல் உற்பத்திக் குறைபாட்டை நிரூபிப்பது சிரமம். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாம். எல்லா ஜாப் கார்டுகளையும் எடுத்து வையுங்கள். "கியர் கடிக்கிறது" என்று அதில் எழுதாமல் "ஜெனரல் செக்கப்" என்று போட்டிருந்தால், திருத்தித் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள்.

அதுவரை தயவுசெய்து அந்தக் காரை ஓட்டாதீர்கள். வால்பாறை இறக்கத்தில் இரண்டாவது கியர் கழன்றால் இன்ஜின் பிடிப்பு போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பழுது தெரிந்தும் ஓட்டிக் கெடுத்தார் என்று சொல்லவும் அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். டோ வண்டியில் ஏற்றியே சர்வீஸுக்கு அனுப்புங்கள், ரசீதை வைத்திருங்கள். அந்தச் செலவையும் மனுவில் கேட்கலாம்.