கெட்டிமேளத்துக்கு முந்தைய நிமிடம்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல்லில் பத்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். சினிமாவில் கதை எழுதி, ஒத்திகை பார்த்து, ஒரு ஷாட்டைப் பத்து டேக் எடுக்கலாம். எனக்குத் தாலி கட்டுவது ஒரே டேக். கதையும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். டிரோனும் ஸ்லோமோஷனும் போட்டால் பார்ட்டிகள் அதையே சினிமா மாதிரி என்கிறார்கள். நீங்கள் எழுதும் திரைக்கதை இலக்கணத்துக்கு என் வேலையில் இடம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிறையவே உண்டு. சடங்கு எல்லா வீட்டிலும் ஒன்று என்பது சரி. ஆனால் அப்பா இல்லாத பெண்ணுக்குச் சித்தப்பா தாரை வார்க்கும் வீட்டில், நீர் ஊற்றும் அந்தக் கைதான் கதை. பக்கத்து மண்டபத்தில் அதே சடங்கு வெறுமனே கடந்துபோகும். இது முகூர்த்தத்தன்று மேடையில் நின்றால் தெரியாது. அட்வான்ஸ் வாங்கும் நாளில் மண்டபம், நேரம், ஆல்பம் எல்லாம் பேசுகிறீர்கள் அல்லவா? கூடுதலாக அரை மணி நேரம் உட்கார்ந்து, “இந்தக் கல்யாணத்துக்காக ரொம்ப அலைந்தது யார்?” என்று கேளுங்கள். பதிலில் உங்கள் திரைக்கதை இருக்கும்.

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன வெடிகுண்டு உதாரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேஜைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளனுக்குத் தெரியாமல் வெடித்தால் ஒரு நொடி அதிர்ச்சி. முன்பே தெரிந்தால் சாதாரணப் பேச்சுகூடப் பதற்றம். கல்யாணத்தில் தாலி ஏறப்போவது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காத்திருப்பை ஏன் வெட்டி எறிகிறீர்கள்? தாலித் தட்டு சபையில் சுற்றி வருகிறது. ஒரு பாட்டி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். குழந்தையின் மூடிய கையில் அட்சதை கசங்குகிறது. தவில்காரர் ஐயரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது கேமராவை அவர்மேல் வையுங்கள். ஐயரின் விரல் அசைந்து கெட்டிமேளம் வெடிக்கும்போது, பார்ப்பவர் மூச்சை விடுவார். நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு அங்கே சினிமாப் பாட்டைப் போடாதீர்கள், தயவுசெய்து.

180 டிகிரி விதியை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இரண்டு கேமராவும் மணவறைக்கு முன்பக்கமே நிற்கட்டும். ஒன்று பின்னால் போனால் பெண்ணும் மாப்பிள்ளையும் இடம் மாறி உட்கார்ந்ததுபோல் தெரியும்.

எடிட்டிங்கில்தான் கவனம் வேண்டும். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டினார். பார்த்தவர்கள் முதலில் ஆழ்ந்த யோசனையையும் அடுத்து துக்கத்தையும் அந்த முகத்தில் கண்டு நடிப்பைப் புகழ்ந்தார்கள் என்று அவருடைய மாணவரான இயக்குநர் புதோவ்கின் சொல்லியிருக்கிறார். இந்தச் சக்தி உங்கள் கையிலும் இருக்கிறது. ஹோமப் புகையில் கண் கலங்கிய அம்மாவை எடுத்துத் தாலி கட்டும் காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால், ஊரே உருகும். வைக்காதீர்கள். சினிமாவில் அது கலை. கல்யாண வீடியோ ஒரு குடும்பத்தின் சாட்சியம். பேரப்பிள்ளைகள் அதை நம்பித்தான் பாட்டியை அறிவார்கள். வேண்டுமானால் காலையில் நடந்ததைச் சாயங்கால நிகழ்ச்சிக்குப் பின் காட்டுங்கள், நீளத்தைக் குறையுங்கள். ஒரு முகத்தை மட்டும் அதற்குரிய நேரத்திலிருந்து பிரிக்காதீர்கள். அந்த முகம் வேண்டுமென்றால், அந்த நேரத்தில் அங்கே கேமரா இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த அரை மணி நேரப் பேச்சு.

எங்கள் வீட்டில் அக்கா கல்யாணத்தின் மூன்று மணி நேரக் கேசட் இருந்தது. வரவேற்பு வரிசை எல்லாவற்றையும் ஓட்டிவிடுவோம். ஓரிடத்தில் மட்டும் எப்போதும் நிறுத்துவோம். கெட்டிமேளம் கேட்கிறது, கேமரா எதற்கோ திரும்பும்போது, பந்திக் கூடத்தின் வாசலில் பெரியப்பா தெரிகிறார். சமையல்கட்டு அவர் பொறுப்பு. தோளில் துண்டு, ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் அட்சதை. அவ்வளவு தூரத்திலிருந்து மேடைக்கு எட்டாது என்று தெரிந்தும் வீசுகிறார். ஐந்தாறு நொடிதான், கேமரா மேடைக்குத் திரும்பிவிடுகிறது.

மாப்பிள்ளை பார்த்ததிலிருந்து மண்டபம் பிடித்தது வரை அலைந்தவர் அவர். கேமராமேனிடம் அதை யாரும் சொல்லவில்லை.