கிளவுடில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் அடிக்கடி அறுந்துபோகிறது, எங்கிருந்து தேடுவது?

கேள்வி: கிளவுடில் ஓடும் எங்கள் வெப் அப்ளிகேஷனில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் அவ்வப்போது கட் ஆகிறது. லேப்டாப்பில் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. எங்கே பார்க்க வேண்டும்?

எப்போது கட் ஆகிறது என்று முதலில் பாருங்கள். ஏன் என்பது அப்புறம் தானாகவே தெரியவரும். இந்த வரிசையை மாற்றிச் செய்ததால் எனக்கு இரண்டு வாரம் போயிற்று.

களக்காடு பக்கம் வாழைத்தார் கமிஷன் மண்டி ஒன்றுக்கு பில் போடும் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருந்தேன். பைத்தான் மொழியும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும்தான். இரண்டும் கிளவுடில் தனித்தனி நெட்வொர்க்கில் இருந்தன. விவசாயி தாரை இறக்குவார், எடை போடுவார்கள், ஏலம் முடிந்ததும் கணக்கப்பிள்ளை விலையைத் தட்டுவார், பில் வந்துவிடும். ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் கணக்கப்பிள்ளையிடமிருந்து போன். “தம்பி, மொத பில்லு விழமாட்டேங்கு. ரெண்டாவது தடவ அடிச்சா விழுது. ஏத்தன் தாரு கொண்டுவந்த ஆளு ரூவாய்க்கு நிக்காரு.” “இன்னைக்கே பாக்கேன் அண்ணாச்சி” என்றேன்.

சர்வரின் மெமரியைக் கூட்டினேன். டேட்டாபேஸைப் பெரிய அளவுக்கு மாற்றினேன். கனெக்‌ஷன் எண்ணிக்கையின் உச்சவரம்பையும் ஏற்றினேன். மாத வாடகை ஏறியது, பிழை மட்டும் அப்படியே இருந்தது. முதல் பில் விழாது, இரண்டாவது விழும் என்று அண்ணாச்சி சொன்னதிலேயே விடை இருந்தது. கூட்டம் தாங்காத சர்வர் என்றால் நெருக்கடி நேரத்தில் திணற வேண்டும். இதுவோ ஒரு லோடு முடிந்து அடுத்த டெம்போ வரும்வரை சும்மா கிடந்த பிறகு, முதல் பில்லில் மட்டும் பிழை காட்டியது.

நடந்ததைப் பதிந்துவைக்கும் லாகைப் படித்தபோது இது உறுதியானது. அப்ளிகேஷன் லாக், சர்வர் எதிர்பாராமல் கனெக்‌ஷனை மூடிவிட்டது என்றது. போஸ்ட்கிரெஸ் லாகோ, கிளையன்ட் பக்கமிருந்துதான் கனெக்‌ஷன் போய்விட்டது என்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டினால் வெட்டியது பெரும்பாலும் நடுவில் இருக்கிற மூன்றாவது ஆள்.

லேப்டாப்பில் அந்த மூன்றாவது ஆளே கிடையாது. கிளவுடில் நேட் கேட்வே (உள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசல்), லோட் பேலன்சர் (வேலையைப் பல சர்வருக்குப் பிரித்துவிடுவது), ஃபயர்வால் என்று வழியில் பலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் வழியாகப் போகும் கனெக்‌ஷன்களை ஒரு பட்டியலில் வைத்திருப்பார். குறிப்பிட்ட நேரம் எதுவும் போகவில்லை என்றால் அந்த வரியை அழித்துவிடுவார், இரண்டு முனைக்கும் சொல்லமாட்டார். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் நடுவே ஒரு மடையை அடைத்துவிட்டால் தலைமடைக்காரருக்கும் தெரியாது, கடைமடைக்காரருக்கும் தெரியாது. தண்ணீர் தேவைப்படும்போதுதான் தெரியும். அப்படித்தான் இதுவும்.

இந்த நேரம் இடத்துக்கு இடம் மாறும். அமேசானின் நேட் கேட்வேயில் 350 விநாடி. மைக்ரோசாஃப்டின் அஷூர் லோட் பேலன்சரில் நாம் எதையும் மாற்றாவிட்டால் 4 நிமிடம். லினக்ஸோ, கனெக்‌ஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதல் கீப்அலைவ் பாக்கெட்டை அனுப்புவது இயல்பாக 7200 விநாடி கழித்து, அதாவது இரண்டு மணி நேரம் கழித்து. அதற்குள் நடுவில் இருக்கிறவர் எப்போதோ கணக்கை முடித்திருப்பார்.

நான் ஊகத்தை விட்டுவிட்டு ஒரு காகிதத்தில் மூன்று நாள் குறித்தேன். ஒவ்வொரு பிழைக்கும், அதே கனெக்‌ஷனில் அதற்கு முன் ஓடிய குவெரிக்கும் இடையே எத்தனை நிமிடம் என்பது மட்டும். எல்லாமே நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தவை. அப்புறம் பத்து வரியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: ஒரு கனெக்‌ஷனைத் திற, ஒரு குவெரி ஓட்டு, தூங்கு, எழுந்து அதே கனெக்‌ஷனில் இன்னொரு குவெரி ஓட்டு. 1 நிமிடத் தூக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 3 நிமிடமும் சரி. 10 நிமிடம் தூங்கி எழுந்தபோது செத்திருந்தது. இடையில் பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் எல்லை கிடைத்துவிடும். இதை உங்கள் லேப்டாப்பில் ஓட்டாதீர்கள், அப்ளிகேஷன் இருக்கும் அதே சர்வரில் ஓட்டுங்கள்.

எல்லை தெரிந்துவிட்டால் சரிசெய்வது சுலபம். கனெக்‌ஷன் அமைப்பில் கீப்அலைவை 60 விநாடி ஆக்கினேன். எஸ்க்யூஎல்அல்கெமி என்பது பைத்தானிலிருந்து டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி; திறந்தவற்றை மூடாமல் ஒரு பூலில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். அதில் பூல் ப்ரீ பிங்கை இயக்கினேன், பூலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் கொடுக்கும் முன் ஒருமுறை தட்டிப் பார்க்கும். பழையதை மூடிப் புதிதாகத் திறக்கும் பூல் ரீசைக்கிள் நேரத்தை அந்த எல்லைக்குக் கீழே வைத்தேன். ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க் என்றால் 4.1 பதிப்பு முதல் கனெக்‌ஷன் ஹெல்த் செக் என்ற அமைப்பு உண்டு. பிழை எதுவும் வராமல் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், நடுவில் இருப்பவர் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறார் என்று பொருள். லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் கைவிட ஏறக்குறைய கால்மணி நேரம் ஆகும். அதற்கு, பதில் வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் கைவிடுவது என்று சொல்லும் டிசிபி யூசர் டைம்அவுட்டைக் குறைத்து வையுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் தெரிவதற்கு முன், பிழை வந்தால் மறுபடி முயற்சி செய் என்று ஒரு ரீட்ரை போட்டிருந்தேன். அண்ணாச்சியின் தொந்தரவு குறையட்டும் என்றுதான். ஒருநாள் ராத்திரி எடைச் சீட்டோடு கணக்கை ஒப்பிட்டபோது, ஒரு விவசாயியின் 42 தார் இரண்டு முறை ஏறியிருந்ததை அவர் கண்டுபிடித்தார். நடந்தது இதுதான்: கமிட், அதாவது ‘எழுதி முடி’ என்ற கட்டளை, டேட்டாபேஸுக்குப் போய்ச் சேர்ந்து பதிவாகிவிட்டது. ‘ஆச்சு’ என்ற பதில் திரும்பும் வழியில் கனெக்‌ஷன் போயிற்று. அப்ளிகேஷன் தோல்வி என்று நினைத்து மறுபடி எழுதியது. ப்ரீ பிங் இதைத் தடுக்காது, அது கனெக்‌ஷனைக் கொடுக்கும் நேரத்தில் மட்டும்தான் பார்க்கும். இப்போது பில் திரை திறக்கும்போதே பிரவுசரில் ஒரு தனி எண் உருவாகிறது. டேபிளில் அந்த எண் ஏறும் நெடுவரிசைக்கு, ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற யூனிக் கட்டுப்பாடு இருக்கிறது. இரண்டாவது முறை வந்தால் புதுப் பதிவு ஏறாது, பழைய பில்லே திரும்பக் கிடைக்கும். பணம் சம்பந்தப்பட்ட எதிலும் இது இல்லாமல் ரீட்ரை போடாதீர்கள்.

உங்கள் பிழை வேறு நேரத்தில் வந்தால் நோயும் வேறு. நெருக்கடி நேரத்தில் மட்டும் வந்தால், ஒரு ப்ராசஸ் எத்தனை திறக்கும், ப்ராசஸ் எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள். எஸ்க்யூஎல்அல்கெமி பூல் இயல்பாக 5, அவசரத்துக்கு இன்னும் 10, ஆக ஒரு ப்ராசஸுக்கு 15 வரை திறக்கும். குனிகார்ன் என்ற பைத்தான் வெப் சர்வரில் 8 வொர்க்கர் (ஒவ்வொன்றும் ஒரு ப்ராசஸ்) இருந்தால் 120. போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பது 100. அங்கே உச்சவரம்பை ஏற்றுவதற்குப் பதில் பூலைச் சுருக்குங்கள், அல்லது சில கனெக்‌ஷன்களையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை நடுவில் வையுங்கள். டிப்ளாய் செய்தவுடன் வினோதமான எஸ்எஸ்எல் (மறைகுறியாக்க) பிழைகள் வந்தால், தாய் ப்ராசஸிலிருந்து வொர்க்கர்கள் பிரிவதற்கு முன்பே திறந்த கனெக்‌ஷனை எல்லோரும் பங்கு போடுகிறார்களா என்று பாருங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் பிழை வந்தால் பேக்கப்போ, தானாக ஓடும் வேறு வேலையோ இருக்கும். சர்வர் கடிகாரம் பெரும்பாலும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் ஓடும். அங்கே நள்ளிரவு 12 என்றால் நமக்கு விடிகாலை 5:30, மண்டியில் முதல் வண்டி வந்து நிற்கிற நேரம். நள்ளிரவில் யார் பில் போடப் போகிறார்கள் என்று நினைத்து நானும் ஒரு கனமான ரிப்போர்ட்டை அந்த நேரத்தில் வைத்திருந்தேன். அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளினேன்.

உங்கள் கடைசி பத்துப் பிழைகளின் நேரத்தையும், ஒவ்வொன்றுக்கும் முந்தைய குவெரியின் நேரத்தையும் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த டேட்டாபேஸ், எந்த டிரைவர் (டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.